கையில் மிஞ்சிய பதில்

மயிலம்மாளின் கைப்பேசி பேசிய வேகத்தில் தேவதாசுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கடை கட்டும் நேரத்தில் மிச்ச மீனைக் கூவித் தள்ளுகிறவனைப் போல அது மலாயில் கொட்டிக்கொண்டே போனது. அவள் விரல் கண்ணாடியை ஒரு தள்ளு தள்ளும், அது திரையில் இருப்பதில் ஒன்றைப் படித்துச் சொல்லும். மறுபடி ஒரு தள்ளு, மறுபடி ஒன்று. பார்வை முழுசாகப் போய் ஆறு வருடமாகிறது. அந்த ஆறு வருடத்தில் காது பழகிக்கொண்ட வேகம் அது.

"கொஞ்சம் மெதுவா வைங்கக்கா. ஒன்னும் வெளங்கல."

"எனக்கு இதான் மெதுவு தம்பி" என்றாள். ஆனாலும் எதையோ தடவி வேகத்தைக் குறைத்தாள். "கண்ண மூடிக்கிட்டு கேளுங்க. தொறந்து வச்சிருந்தா ஒங்களுக்குக் கேக்காது."

தேவதாஸ் கண்ணை மூடவில்லை. மூடினால் அப்படியே தூங்கிப்போவோம் என்று பயம். நாற்பத்தெட்டு வயது உடம்புக்கு மதியம் மூன்று மணி என்பது ஒரு நோய் மாதிரி. அதிலும் தகரக் கூரை போட்ட லயத்து வீடு, சுற்றிலும் செம்பனை, காற்று என்று பேருக்கு ஒரு மின்விசிறி. மந்தினிலிருந்து லாபு வரை காரில் ஏர்கோன் வேலை செய்யாமல் வந்திருந்தான். அஞ்சே நிமிட வேலை என்றுதான் திருச்செல்வம் காலையில் போன் பண்ணியபோது சொல்லியிருந்தார்.

"வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ லா தேவா. மனுப் பாரம் சரியாத்தான் இருக்கு, அவங்கதான் தப்பா அமுக்கிட்டாங்கன்னு. நான் சொன்னா கிராணி மவன் பேசுறான்னு ஏறி வருது. நீ கம்ப்யூட்டர்காரன். நீ சொன்னா அடங்கும்."

தோட்டம் கைமாறிவிட்டது. வாங்கிய கம்பெனி செம்பனையைத் தள்ளிவிட்டு என்ன கட்டப்போகிறது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஆனால் லயத்தில் இன்னும் குடியிருந்த அறுபத்து மூன்று குடும்பத்துக்கும் சாலையோரமாக ஆளுக்கொரு தெராஸ் வரிசை வீடு தருவதாக எழுதிக் கொடுத்திருந்தது. எல்லாம் இணையத்தில் மனுச் செய்ய வேண்டும். அந்த மனுப் பாரத்தைச் செய்து கொடுத்தவன் தேவதாஸ். வீட்டுக் குழுவின் செயலாளர் திருச்செல்வம். அறுபத்திரண்டு மனுக்கள் தேறிவிட்டன. ஒன்று விழுந்தது. விண்ணப்பதாரருக்கு வேறு இடத்தில் சொந்த வீடு உண்டு; விண்ணப்பதாரர் தற்போது தோட்டத்தில் வசிக்கவில்லை. இரண்டு காரணங்களையும் அச்சடித்துக் கோயில் மண்டபத்துப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அந்த விண்ணப்பதாரர்தான் இப்போது பிறந்த லயத்திலேயே, கடைசி வீட்டில், அவனுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அறுபத்தொரு வயது. வேறு வீடு என்று அவள் கண்டது சிரம்பான் ஆஸ்பத்திரியைத்தான்.

இன்று ஐந்து மணிக்குப் பாரம் மூடிவிடும். அதற்குப் பிறகு கம்பெனி வக்கீலே வந்து நின்றாலும் பெயர் ஏறாது.

"ஒங்க தங்கச்சி மவன் யாராவது கூட இருந்து செஞ்சிருக்கலாமேக்கா" என்றான் தேவதாஸ். கடைக்காரன் சாமானைத் திருப்பிக்கொண்டு வந்தவளிடம் பில் இருக்கிறதா என்று கேட்பதைப் போன்ற கேள்விதான் அது.

"இருந்தான் ஒருத்தன். போன தடவ சொக்சோ பென்சன் காச அவன் கூட இருந்துதான் எடுத்தேன். அப்பறம் அவனும் இல்ல, அதுவும் இல்ல." அவள் சிரிக்கவில்லை. "கிளினிக்கு பாரம் நானேதான் போடுறேன். கரண்டு பில்லு நானேதான் கட்டுறேன். ஒங்க பாரத்துலதான் தம்பி நான் குருடி."

பிறகு அவள் முதல் பக்கத்தைப் போட்டுக் காட்டினாள். கைப்பேசி "நாமா" என்றது. பேர். அப்புறம் அடையாள அட்டை எண், தொலைபேசி. மறுபடியும் "நாமா". மறுபடியும் எண், தொலைபேசி. மூன்றாவது முறையும் அதே "நாமா". யாருடைய பேர் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. திரையில் தெளிவாகத்தான் இருந்தது. மனுதாரருக்கு நீலப் பட்டை, கணவன் அல்லது மனைவிக்குப் பச்சைப் பட்டை, வாரிசுக்கு ஆரஞ்சு. பட்டைகளின் நிறத்துக்காகத் தேவதாஸ் அரை நாள் செலவழித்திருந்தான்.

"ஆபீசுல எந்தக் காலத்துலயும் மொதல்ல ஒம் பேரு, அடுத்தது அப்பா பேரு. காலம்பற ஆள் எண்ணுற பெரட்டுலயும் அப்படித்தான் கூப்புடுவாங்க. அதான் ரெண்டாவது நாமாவுல எங்கப்பா பேரப் போட்டேன். மூணாவது எதுக்குன்னு தெரியல, எம் பேரையே இன்னொரு தடவ போட்டேன்." அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "கூட்டத்துல சிரிச்சாங்களாம். மயிலம்மா அப்பனையே கட்டிக்கிட்டான்னு. பக்கத்து வூட்டு லெட்சுமி வந்து சொன்னா. அவளும் சிரிச்சிருப்பா, போவட்டும்."

தேவதாஸ் தரையைப் பார்த்தான். பச்சைப் பட்டைக்குள் அப்பன் பேர் இருக்கிறதே என்று திருச்செல்வம் படம் பிடித்து அனுப்பியபோது அவனும்தான் சிரித்தான். மனைவி இசபெல்லிடம் காட்டி அவளையும் சிரிக்க வைத்தான்.

"அது போவுது. இத கேளுங்க" என்று அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

கேள்விகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விடாமல், எல்லாம் கேள்விகள். பத்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தீர்களா, ஓய்வூதியம் உண்டா, குடும்பத்தில் உடல் குறை உள்ளவர் உண்டா. நடுவில் பதில் சொல்ல இடமே வரவில்லை. கேள்வி எல்லாம் தீர்ந்து ஒரு சின்ன இடைவெளி விட்டு, கைப்பேசி சொல்ல ஆரம்பித்தது: "யா. தீடாக். யா. தீடாக். யா. தீடாக்." ஆமாம், இல்லை, ஆமாம், இல்லை. பன்னிரண்டு ஜோடி. எந்த ஆமாம் எந்தக் கேள்விக்கு என்று கடவுளுக்கும் தெரியாது.

இப்போது தேவதாஸ் கண்ணை மூடியிருந்தான். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

திரையில் அது அழகாக இருக்கும். இடது பக்கம் பன்னிரண்டு கேள்விகளும் ஒரே பத்தி, வலது பக்கம் பன்னிரண்டு ஜோடி வட்டங்களும் ஒரே பத்தி, நூல் பிடித்த மாதிரி நேருக்கு நேர். கண்ணுள்ளவன் கேள்வியிலிருந்து கோடு இழுத்ததுபோலப் பதிலுக்குப் போய்விடுவான். பேங்க் பாரம் மாதிரி இருக்கு லா, என்று திருச்செல்வம் தோளில் தட்டினார். ஆனால் பக்கத்துக்குள்ளே, எழுத்தாக எழுதிய இடத்தில், கேள்விகள் ஒரு மூட்டை, பதில்கள் ஒரு மூட்டை. இரண்டையும் கட்டும் கயிறு கிடையாது.

அந்தக் கயிறு என்னவென்று அவனுக்குத் தெரியும். ஃபீல்ட்செட் என்று ஒன்று, லெஜெண்ட் என்று ஒன்று. சேர்ந்திருக்க வேண்டிய பெட்டிகளைச் சுற்றி ஒரு வேலி, வேலிக்கு ஒரு பெயர்ப்பலகை. போட்டிருந்தால் வேலிக்குள் நுழையும்போதே கைப்பேசி பலகையைப் படித்துச் சொல்லிவிடும்: இது கணவன் பற்றியது, இது வீடு பற்றியது, இந்த ஆமாமும் இல்லையும் இந்தக் கேள்விக்கு. பதினோரு வருடத்துக்கு முன் சிரம்பானில் மூன்று நாள் வகுப்பில் அதைப் படித்துச் சான்றிதழ் வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். வேலியைப் போட்டால் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வந்து நிற்கும். பார்க்க அசிங்கம். அந்தக் கோட்டை எடுக்க ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரிக்குச் சோம்பல்பட்டு வேலியையே எடுத்துவிட்டவன் அவன். இந்தப் பாரத்தில் மட்டுமா? கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர், சமையல்காரர் என்று செய்து கொடுத்த பாரங்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டான்.

"அப்பறம் எப்படிக்கா பதில் போட்டீங்க?"

அவள் வலது கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரல் நுனியால் ஆட்காட்டி விரலின் அடிக்கணுவைத் தொட்டாள்.

"நாலு வெரலு, பன்னெண்டு கணு. இருவத்தாறு வருசம் பால் மரம் வெட்டுனவ நான். வெடியறதுக்கு முன்னாடியே காட்டுக்குள்ள போயிருவோம். நெரைக்கு எத்தன மரம்னு கணுவுலதான் எண்ணிக்கிட்டே போவேன். ஒரு மரம் விட்டாலும் வேல மேய்க்கிற மண்டோரு வந்து நிப்பான். அதே மாதிரிதான். ஒரு கேள்விக்கு ஒரு கணு. பதில அதுமேல வச்சிக்கிட்டேன். கீழ யா, தீடாக் வந்தப்போ ஒன்னு ஒன்னா எறக்குனேன்."

"எல்லாம் சரியா எறங்கிச்சா?"

"இல்ல" என்றாள். "கணு பன்னெண்டும் ரொம்பி ஒன்னு கூட வந்திச்சு. கேள்வி பதிமூணு. அத கட்டவெரல் நுனியில வச்சிருந்தேன். கடசில பாத்தா பொத்தான் தீந்து போச்சு, ஒரு பதிலு கையில மிஞ்சிருச்சு. அன்னிக்கே திருச்செல்வத்துக்கு போன் போட்டேன். ஒன்னு மிஞ்சுதுப்பான்னேன். மிஞ்சுனா நல்லதுதான வச்சிக்குங்கன்னான்."

கேள்விகள் பன்னிரண்டுதான். தேவதாஸ் மடிக்கணினியைத் திறந்தான். நான்காவது கேள்வி, வேலை செய்த ஆண்டுகள் பற்றியது. அதன் கீழே சின்னச் சாய்வெழுத்தில் ஒரு வரி: அதற்கான ஆவணங்கள் உங்களிடம் தயாராக உள்ளனவா? பாரம் வெளியாவதற்கு முதல் நாள் திருச்செல்வம் போனில் சொல்லிச் சேர்க்க வைத்தது. சும்மா ஒரு நினைவூட்டல். அதற்குப் பதில் வட்டம் கிடையாது. கண்ணுக்கு அது குறிப்பு. காதுக்கு அது ஐந்தாவது கேள்வி.

அவள் ஆவணம் இருக்கிறது என்று 'யா' வைத்திருக்கிறாள். அது போய் விழுந்தது வேறு வீடு உண்டா என்ற கேள்வியில். வேறு வீடு இல்லை என்று வைத்த 'தீடாக்' போய் விழுந்தது தோட்டத்தில் வசிக்கிறீர்களா என்பதில். அதற்குப் பிறகு நிரை முழுக்க ஒரு மரம் தள்ளிப்போய்விட்டது.

"நீங்க ஒன்னும் தப்பா போடலக்கா" என்றான்.

"அது எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியணும்னுதான் ஒங்கள கூப்புடச் சொன்னேன்."

திருச்செல்வம் வந்தபோது மணி மூன்று நாற்பது. மோட்டாரை வாசலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தோட்டத்துப் பழைய குமாஸ்தாவான கிராணியின் மகன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பேர் கூப்பிட வந்தவர் மாதிரியே நிற்பார்.

"என்ன மயிலு, வெளங்கிருச்சா? சொல்லிட்டானா?"

"சொல்லிட்டாரு" என்றாள் அவள். "நீங்களும் ஒக்காந்து கேட்டுக்குங்க, கிராணி மவனே."

தேவதாஸ் சொன்னான். நான்கு வாக்கியத்தில் முடித்தான். திருச்செல்வத்தின் முகம் மாறவில்லை. அவன் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனார். உள்ளே இருப்பவளுக்குக் கேட்காது என்று குரலைத் தாழ்த்தினார். அவள் காது எப்படிப்பட்டது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

"தேவா, நான் கெட்டவன் இல்ல. சின்ன வயசுல அந்தம்மா தூக்குச் சட்டியில எத்தன நாள் சாப்ட்டிருக்கேன். ஆனா பாரம் தப்புன்னு நீ எழுதிக் குடுத்தா என்னா ஆவும் தெரியுமா? வாங்குனவன் காரணம் தேடிக்கிட்டு ஒக்காந்திருக்கான். பாரம் தப்பா, சரி, அறுவத்து மூணையும் மறுபடி பாப்போம்னு இழுப்பான். ஆறு மாசம். ஒரு வருசம். ஒருத்திக்காக அறுவத்திரண்டு வூட்டுல கை வைக்கிறியா?"

"அப்ப என்னண்ணே பண்ணச் சொல்றீங்க?"

"தெரியாம தப்பா அமுக்கிட்டேன்னு அவங்க ஒரு கடுதாசி குடுக்கட்டும். ரெண்டாவது பட்டியல்ல போட்டுடறேன்."

"ரெண்டாவது பட்டியல்ல வூடு உண்டா?"

திருச்செல்வம் செம்பனையைப் பார்த்தார். "வந்தா உண்டு." பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, "கம்பெனிக்கு இருக்குற மத்த பதினோரு தோட்டத்துக்கும் இதே மாதிரி பாரம் வேணுமாம். ஒம் பேரத்தான் சொல்லி வச்சிருக்கேன்."

தேவதாசின் அப்பா மந்தின் பசார் மாலாமில் முப்பது வருடம் துணி விற்றவர். விலை பேசும்போது கடைசித் துணியை எப்போது மேலே தூக்கிப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எதிராளி அலுத்துப் போய், கால் வலித்து, சரி எதையாவது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்று நினைக்கும் அந்த நொடியில். திருச்செல்வம் சரியான நொடியில்தான் தூக்கிப் போட்டார். தேவதாசுக்குக் கால் வலித்தது. பதினோரு தோட்டம் என்றால் இரண்டு வருட வேலை. இசபெல் ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்டு பார்ப்பதை நிறுத்தலாம். காலையில்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்துக்கொண்டே சொன்னாள், "அந்த அண்ணன்கிட்ட மொறைச்சுக்காதீங்க, சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தெரியாம தப்பா அமுக்கிட்டேன்னு நான் கைநாட்டு வைக்க மாட்டேன். மிஞ்சுதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

திருச்செல்வம் தேவதாசின் முழங்கையை விட்டார்.

"அறுவத்திரண்டு பேரு வூட்டயும் கெடுக்கச் சொல்லல" என்று அவளே தொடர்ந்தாள். குரலில் கோபம்கூட இல்லை. நாள் முழுக்கப் பாலைச் சுமந்துவிட்டு, நிறுவையில் குறைகிறது என்று கேட்கிறவளின் அலுப்புதான் இருந்தது. "எனக்குத் தெரியாதா எல்லாரயும்? எம் பதில மட்டும் எடுத்து அது எடத்துல வைங்க. அவ்ளோதான்."

தேவதாஸ் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டான். முதலில் பாரம். சோதனைக்கென்று ஒரு நகல் எடுத்து, பன்னிரண்டு கேள்விக்கும் பன்னிரண்டு வேலி போட்டான். ஒவ்வொரு வேலிக்கும் அதன் கேள்வியையே பலகையாக மாட்டினான். முன்பக்கத்துப் பட்டைகளையும் மூன்று வேலியாக்கி மனுதாரர், கணவன் அல்லது மனைவி, வாரிசு என்று பெயர் வைத்தான். சாய்வெழுத்துக் குறிப்பின் கேள்விக்குறியைப் பிடுங்கி, 'ஆவணங்களைத் தயாராக வைத்திருக்கவும்' என்று மாற்றினான். சாம்பல் கோட்டை எடுக்கும் அந்த ஒரு வரியை எழுதப் போனவன், என்னவோ நினைத்து, எழுதாமல் விட்டான். இருக்கட்டும், அசிங்கமாகவே இருக்கட்டும். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. முப்பத்தைந்து நிமிடம்தான். அதை நினைக்க அவனுக்கு இன்னும் அலுப்பாக இருந்தது.

பிறகு கடிதம். இதில்தான் அப்பாவின் கை வேலை செய்தது. முழத்துக்கு ஓர் அங்குலம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பாரத்தில் பிழை என்று மொட்டையாக எழுதவில்லை. திரையைப் பார்த்து நிரப்பியவர்களுக்குப் பாரம் சரியாகவே வேலை செய்தது. அவர்கள் அறுபத்திரண்டு பேர். கேட்டு நிரப்புகிறவர்களுக்கு மட்டும் கேள்வியும் பதிலும் சேராதபடி நான் அமைத்துவிட்டேன். அப்படி நிரப்பியவர் ஒருவரே. அவர் சொன்ன பதில்கள் வரிசையாக ஓரிடம் தள்ளி விழுந்தன. தவறு அவருடையது அல்ல, என்னுடையது. கீழே முழுப் பெயர், அடையாள அட்டை எண். மலாயில் பதினாலு வரி. ஆங்கிலம் கலக்காமல், மன்னிப்பு என்ற சொல்லை ஒரே தடவை மட்டும் போட்டு எழுதி, திருச்செல்வத்தின் போனுக்கு அனுப்பினான்.

ஒரு மனுவை மறுபடி திறந்து புதுப் பதில்களை ஏற்றும் அதிகாரம் செயலாளருக்கு மட்டும்தான் உண்டு. அவர் போனில், அவர் கணக்கில், ஒரு பொத்தான். அதையும் செய்து கொடுத்தவன் தேவதாஸ்தான். செயலாளர் அழுத்தாமல் திறக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டவனும் அவனே.

மணி நான்கு நாற்பத்தொன்று. திருச்செல்வம் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்தார். திரையை மேலே தள்ளி இன்னொரு தடவை படித்தார். "ஒம் பேர நீயே கெடுத்துக்கிற" என்றார்.

கடைசி விலையைச் சொன்ன பிறகு வாயைத் திறக்கக் கூடாது. முதலில் பேசுகிறவன் இறங்குவான் என்று அப்பா துணியை மடித்துக்கொண்டே இருப்பார். தேவதாசிடம் மடிக்க ஒன்றும் இல்லை. மடிக்கணினியின் வயரைச் சுருட்டினான். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினான். இசபெல் முகம் நினைவில் வந்தது. துடைத்தான். மின்விசிறி ஒரு பக்கமாகத் திரும்பி, தயங்கி, மறுபக்கம் திரும்பியது. திருச்செல்வம் ஹெல்மெட்டை வாசல் திண்டின் மேல் வைத்தார்; அதை வைத்தது நிற்பதற்கா கிளம்புவதற்கா என்று சொல்ல முடியாதபடி ஒரு கை அதன் மேலேயே இருந்தது.

"சோதன பாரத்த போட்டுப் பாக்கவா தம்பி?" என்று மயிலம்மாள் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அவளாகவே விரலைத் தள்ள ஆரம்பித்தாள்.

இரண்டு ஆண்களுக்கும் நடுவில் கைப்பேசி பேசியது. இப்போது அது நிறுத்தி நிறுத்திப் பேசியது. கணவன் அல்லது மனைவி, நாமா. செத்துப் பதினாலு வருடமான மாயாண்டியின் பேரை அவள் வாயால் சொல்ல, அது எழுத்தாக்கிக்கொண்டது. அடுத்த பக்கம். ஒரு கேள்வி, உடனே யா, தீடாக். இன்னொரு கேள்வி, யா, தீடாக். அவளுடைய இடது கை விரல் கண்ணாடியைத் தள்ள, வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. கட்டைவிரல் கணுக் கணுவாக நகர்ந்தது. ஆட்காட்டி விரல் முடிந்தது. நடுவிரலில் ஏறியது. நான்கு. சாய்வெழுத்து வந்தது, கட்டைவிரல் நகரவில்லை. வேறு வீடு உங்களுக்குச் சொந்தமாக உண்டா என்று கைப்பேசி மலாயில் கேட்டது. "தீடாக்" என்று வாய்விட்டே சொல்லி, இரண்டு தட்டு தட்டினாள். தற்போது இந்தத் தோட்டத்தில் வசிக்கிறீர்களா என்றது. "யா" என்றாள். அந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

திருச்செல்வத்தின் கட்டைவிரல் அவர் போனின் மேலே நின்றுகொண்டிருந்தது. நான்கு ஐம்பத்திரண்டு.

சுண்டுவிரலின் கடைசிக் கணுவுக்கு வந்தபோது கைப்பேசி பன்னிரண்டாவதைக் கேட்டது. அவள் பதிலை இறக்கினாள். "ஹந்தார்" என்றது அது. அனுப்பு. மயிலம்மாள் தள்ளுவதை நிறுத்தினாள். வலது கையை மெல்ல விரித்து, கட்டைவிரல் நுனியை ஆட்காட்டி விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, வெறும் உள்ளங்கையை முழங்கால் மேல் அப்படியே திறந்து வைத்துக்கொண்டு, திருச்செல்வம் நின்ற வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.